காமராசர்

காமராசர் (சூலை 15, 1903 - அக்டோபர் 2, 1975) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல் தலைவரும் ஆவார். 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் (இன்றைய தமிழ்நாடு) முதலமைச்சராகவும், 1964 முதல் அகில இந்திய காங்கிரசுத் தலைவராகவும் பணியாற்றினார். பெருந்தலைவர், கர்மவீரர், கல்விக் கண் திறந்தவர் என்னும் அடைமொழிகளால் அறியப்படுகிறார். ஆறாம் வகுப்பளவில் பள்ளியை விட்டு நின்ற இவர், பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கும் பணியைத் தம் ஆட்சியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டார். பள்ளி மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் உரியதாக்கியது இவரது ஆட்சியின் சாதனைகளுள் குறிப்பிடத்தக்கது. அத்திட்டம் 1956-இல் கரிசல் வட்டாரத்து ஊரான எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது.

பிறப்பும் இளமையும்

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலை 15 அன்று, அப்போது விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி நாடார்; தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று இவருக்குப் பெயர் சூட்டினர். தாயார் செல்லமாக ராசா என்று அழைத்து வந்தார். இரண்டு பெயர்களும் இணைந்து நாளடைவில் காமராசர் என்றாயிற்று. இவருக்கு நாகம்மாள் என்னும் தங்கை உண்டு.

விருதுநகர் பருத்தி, எண்ணெய் வித்துகள், மிளகாய், பருப்பு ஆகியவற்றின் சந்தையாக வளர்ந்த ஊர். சுற்றியுள்ள சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கடம்பூர் பகுதிகளின் கரிசல் நிலங்களில் விளைந்த பொருள்கள் இவ்வூர்க் கடைத்தெருவுக்கு வந்தன. குமாரசாமி நாடார் தேங்காய் வணிகம் செய்துவந்தார். காமராசருக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை காலமானார். அதன்பின் தாயாரே தம் நகைகளைக் கொண்டு குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

பள்ளிப் படிப்பு

தொடக்கத்தில் ஏனாதி நாயனார் வித்யாசாலை என்னும் திண்ணைப் பள்ளியிலும், பின்னர் சத்திரிய வித்யாசாலையிலும் காமராசர் படித்தார். சத்திரிய வித்யாசாலை, ஊர் மக்கள் தாமே தொடங்கி நடத்திய பள்ளியாகும். வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்ற பெயரில் ஊர்ப் பொதுநிதிக்கு அளித்தனர். இல்லத்துப் பெண்கள் நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தனர். பிடி அரிசி எனப்பட்ட இந்த அரிசி திரட்டப்பட்டுப் பள்ளிச் செலவுக்குப் பயன்பட்டது. இதனால் மாணவர்களிடம் கட்டணம் பெறாமல் பள்ளியை நடத்த முடிந்தது.

எனினும் கட்டணமில்லாத பள்ளியும் காமராசரைத் தக்கவைக்க இயலவில்லை. குடும்பத்தின் வறுமை காரணமாக ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி அருகில் இருந்தாலும், கட்டணம் இல்லாவிட்டாலும், வீட்டில் உணவுக்கு வழியில்லை என்றால் பிள்ளை பள்ளியில் நிலைக்காது என்பது இவரது சொந்த வாழ்க்கையிலேயே நிகழ்ந்த உண்மையாகும். பிற்காலத்தில் இவர் மேற்கொண்ட கல்வித் திட்டங்களைப் புரிந்துகொள்ள இது உதவும்.

விடுதலைப் போராட்டத்தில் பங்கு

கடையில் வேலை பார்த்த காலத்தில் அரசியல் கூட்டங்களுக்குச் செல்வதும் நாளிதழ்கள் படிப்பதும் காமராசரின் வழக்கமாயின. 1919-இல் நடந்த சாலியன்வாலா பாக் படுகொலை இவரைக் காங்கிரசு இயக்கத்தில் முழுமையாக ஈடுபடச் செய்தது. மகனின் போக்கை மாற்ற எண்ணிய குடும்பத்தார் இவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அனுப்பினர். ஆயினும் இவர் அரசியலை விடவில்லை. 1924-இல் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார்.

1930-இல் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்பு அறப்போரில் பங்கேற்றுச் சிறைத்தண்டனை பெற்றார். கல்கத்தா அலிப்பூர் சிறையில் அடைக்கப்பட்ட இவர், காந்தி - இர்வின் உடன்பாட்டை அடுத்து 1931-இல் விடுதலையானார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பின்னர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். தீரர் சத்தியமூர்த்தியைத் தம் அரசியல் வழிகாட்டியாகக் கொண்டிருந்தார். 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1937-இல் சாத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார்.

1940-41-இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும், முழுநேரமும் கவனிக்க இயலாத பதவியில் இருத்தல் முறையன்று எனக் கருதி அப்பொறுப்பிலிருந்து விலகினார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைது செய்யப்பட்டு 1945 வரை சிறையில் இருந்தார். இவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். பள்ளியில் விட்ட படிப்பை நூல்கள் வழியே தொடர்வதற்கு அக்காலத்தைப் பயன்படுத்திக்கொண்டார்.

முதலமைச்சராதல்

1952 பொதுத் தேர்தலில் காமராசர் திருவில்லிப்புத்தூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தார். 1953-இல் அவரது அரசு தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதன்படி சிற்றூர்ப் பள்ளிகளில் வகுப்பு நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரில் உள்ள கைத்தொழிலையோ பழக வேண்டும் என்று கூறப்பட்டது. இருக்கும் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசின் வாதம். பிறப்பின் அடிப்படையிலான தொழிலிலேயே பிள்ளைகளை நிறுத்தும் திட்டம் எனக் கூறித் திராவிட இயக்கத்தினர் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துக் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது.

இதன் தொடர்ச்சியாக இராசகோபாலாச்சாரியார் பதவி விலகினார். கட்சித் தலைமைக்கான போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்று, காமராசர் 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சர் பொறுப்பேற்றார். பின்னர் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு, நிதி, கல்வி ஆகிய துறைகளை அவரிடமே ஒப்படைத்தார். நிதியும் கல்வியும் ஒரே அமைச்சரிடம் இருந்தது பின்னர் வந்த திட்டங்களுக்கு உதவியாக இருந்தது. 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. 1957, 1962 ஆகிய தேர்தல்களில் காமராசர் சாத்தூர்த் தொகுதியில் வென்றார். கோவில்பட்டிக்கு வடக்கே அடுத்துள்ள சாத்தூரும் கரிசல் மண் வட்டாரத்தைச் சேர்ந்ததே.

கரிசல் வட்டாரத்தில் பள்ளி வருகை

கோவில்பட்டி, கடம்பூர், கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியாகும் (இன்று தூத்துக்குடி மாவட்டம்). மதுரை - திருநெல்வேலி இருப்புப்பாதையில் கோவில்பட்டிக்குத் தெற்கே அமைந்துள்ள கடம்பூர், முன்னர் சமீன் ஊராக இருந்தது. ஆற்றுப் பாசனம் இல்லாத இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைப்பு நடைபெறும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து முதலியன விளையும். மழை பொய்த்த ஆண்டில் கடனும் ஊர்விட்டு ஊர் செல்வதும் மிகும்.

இத்தகைய நிலத்தில் பிள்ளைகளின் உழைப்புக்கும் ஒரு விலை இருந்தது. ஆடு மாடு மேய்த்தல், களையெடுத்தல், பருத்தி எடுத்தல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை சிறுவர் சிறுமியரின் வேலைகளாயின. 1920-களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களுக்கும் பரவியது. குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்ற வேலைகளைச் சிறிய விரல்கள் விரைவாகச் செய்யும் என்பதால் அங்கும் பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். ஆகவே பள்ளிக்கு வராமை என்பது இங்குப் பெரும்பாலும் குறும்பினால் விளைந்ததன்று. வீட்டுக் கணக்கினால் விளைந்தது.

முந்தைய அணுகுமுறைகள்

பள்ளிக்கு வராத சிறுவர்களையும் குற்றத்தில் சிக்கிய சிறுவர்களையும் பற்றி ஆங்கிலேயர் ஆட்சியில் பல சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

- சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், 1920: உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் பகுதியில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும், பிள்ளையை அனுப்பாத பெற்றோர்மீது தண்டம் விதிக்கவும் வழிசெய்தது. கல்விக்கென வரி விதிக்கவும் இடமளித்தது.
- சென்னைச் சிறுவர் சட்டம், 1920: சிறுவர் குற்றங்களுக்கெனத் தனி நீதிமன்றம், சிறைக்கு மாற்றாகச் சான்றிதழ் பெற்ற பள்ளிகள் ஆகியவற்றை ஏற்படுத்தியது. இவ்வகையில் இந்தியாவில் இதுவே முதல் மாநிலச் சட்டமாகும்.
- சென்னைப் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம், 1925: குற்றம் புரிந்த வளரிளம் பருவத்தினரைச் சிறைக்கு மாற்றாகப் பயிற்சிப் பள்ளியில் வைக்க வழிசெய்தது.
- சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1936: தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியா முழுமைக்குமான நன்னடத்தைச் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது.

இவற்றினின்று வேறுபட்ட கொடுமையான முறை குற்றப் பரம்பரைச் சட்டமாகும். இச்சட்டம் தனிமனிதரின் செயலைப் பாராமல் முழுச் சமூகங்களையும் குற்றவாளிகளாகக் கருதியது. தமிழகத்தின் தென்பகுதியில் கள்ளர், மறவர் சமூகங்களின் சில பிரிவினர் இதன் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். மதுரை மாவட்டத்தில் 1920 முதல் கள்ளர் சீரமைப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு நிதியில் சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டுப் பிள்ளைகளின் வருகை வலியுறுத்தப்பட்டது. குற்றத்தைக் குறைப்பதற்காகவே அரசு பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கிய தெளிவான எடுத்துக்காட்டு இதுவாகும். பள்ளிகளால் அப்பகுதியில் கல்வி பரவியது உண்மை. ஆனால் பள்ளியும் காவல் நிலையமும் ஒரே கண்காணிப்பின் இரு கைகளாக அமைந்தமையால், மக்கள் அதனை முழு மனத்துடன் ஏற்கவில்லை. நீண்ட போராட்டங்களுக்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. அதன் கீழ் உருவான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அதன் பின்னரும் தொடர்ந்தன.

தண்டம், கண்காணிப்பு ஆகிய வழிகளை முதன்மையாகக் கொள்ளாமல், பிள்ளை பள்ளிக்கு வராததன் காரணத்தையே நீக்க முற்பட்டது காமராசர் ஆட்சியின் தனித்தன்மையாகும். இவரது திட்டங்கள் குற்றத் தடுப்புத் திட்டங்கள் என்ற பெயரில் வரவில்லை. ஆயினும், பகல் முழுதும் தெருவிலும் வேலைத்தலத்திலும் கழிக்கும் சிறுவனுக்குப் பள்ளியில் ஓர் இடம் அளித்தவை என்ற வகையில் அவையும் இந்நோக்கத்தோடு தொடர்புடையவை.

பள்ளிகள் திறப்பு

மூடப்பட்டிருந்த பள்ளிகளை மீண்டும் திறக்கவும், பள்ளி இல்லாத ஊர்களில் புதிய பள்ளிகளைத் தொடங்கவும் காமராசர் அரசு நடவடிக்கை எடுத்தது. ஒரு மைல் தொலைவுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி இருக்கவேண்டும் என்பது குறிக்கோளாகக் கொள்ளப்பட்டது. கட்டடம் இல்லாத இடங்களில் கோயில் மண்டபம், சாவடி, மரத்தடி ஆகியவற்றிலும் வகுப்புகள் நடந்தன. படித்து வேலையின்றி இருந்த இளைஞர்கள் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டனர்.

ஆசிரியர்களின் நிலையை உயர்த்துவதும் இத்திட்டத்தின் ஒரு பகுதியாகும். 1955-இல் சேமநிதி, ஓய்வூதியம், காப்பீடு ஆகிய மூன்றையும் இணைத்த முப்பயன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களும் ஓய்வூதியம் பெற இது வழிவகுத்தது.

மதிய உணவுத் திட்டம்

முன்வரலாறு

பள்ளியில் உணவளிப்பது தமிழகத்தில் முற்றிலும் புதிய கருத்தன்று. 1920-இல் சென்னை மாநகராட்சி, அதன் தலைவர் பிட்டி தியாகராயரின் முயற்சியால் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடத் தீர்மானிக்கப்பட்டது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் இது பரவியது; மாணவர் வருகையும் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இணங்கவில்லை. அதனால் 1925-இல் திட்டம் நின்றுபோனது. இங்கிலாந்தில் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகப் பள்ளி உணவுக்கு உள்ளாட்சிகள் செலவிட ஏற்கனவே இடமளிக்கப்பட்டிருந்தது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தொடக்கம்

காமராசர் சுற்றுப்பயணத்தின்போது மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கண்டு, பள்ளிக்குச் செல்லாத காரணத்தை வினவியதாகவும், பள்ளியில் சோறு கிடைக்குமா என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுகிறது. நிகழ்ந்த இடம் பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன. இது எவ்வாறாயினும், அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையுடன் மதிய உணவுத் திட்டம் உருப்பெற்றது. உள்ளூர் மக்களே சில பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்து வந்ததைக் கண்டு, அதனை மாநிலம் முழுவதும் விரிவாக்க முயன்றனர்.

1956-இல் பாரதியார் பிறந்த ஊரான எட்டயபுரத்தில் காமராசர் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கோவில்பட்டிக்குக் கிழக்கே அமைந்த இவ்வூர், மழையை நம்பி வாழும் கரிசல் வட்டாரத்தின் நடுவில் உள்ளது.

நிதி

இத்திட்டத்தின் முதன்மையான சிக்கல் நிதியாகும். தொடக்கத்தில் உணவு முழுவதும் ஊராரின் நன்கொடையால் நடந்தது. நெல், தானியம், பருப்பு, விறகு, காய்கறி எனப் பொருளாகவும் பணமாகவும் மக்கள் வழங்கினர். நன்கொடையை மட்டும் நம்பினால் மழை பொய்த்த ஆண்டில் அடுப்பு எரியாது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. உணவு மிகவும் தேவைப்படும் ஆண்டும் ஊரில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ஆண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே அரசு செலவில் பங்கேற்றது. ஓர் உணவுக்கு 10 காசு செலவு எனக் கணக்கிடப்பட்டு, அதில் 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்பது என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 200 பள்ளி நாள்களுக்கு உணவு வழங்கத் திட்டமிடப்பட்டது. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்பொடி, எண்ணெய் முதலியவற்றை வழங்கி உதவியது. வளர்ச்சித் திட்டங்களுக்கே பணம் போதாத நிலையில் சோற்றுக்குச் செலவிடுவதா என்ற ஐயம் அரசு வட்டாரங்களிலேயே எழுந்தது. தேவைப்பட்டால் பிற பணிகளை ஒத்திவைத்தேனும் இதனை நடத்துவது என்பதில் காமராசர் உறுதியாக நின்றார்.

பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்

1958 முதல் மாநிலத்தின் பல பகுதிகளில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டன. ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன தேவை என்று ஆசிரியர்களும் ஊராரும் பட்டியலிடுவர். நிலம், கட்டடம், நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, சீருடை எனத் தேவைகள் அதில் இடம்பெறும். மாநாட்டில் அவற்றை வழங்குவோர் முன்வந்து ஒப்புக்கொள்வர். இவ்வாறு அரசு வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே பெருமளவு பொருள் பள்ளிகளுக்குக் கிடைத்தது. காமராசர் இம்மாநாடுகள் பலவற்றில் நேரில் கலந்துகொண்டார். விருதுநகரின் பிடி அரிசி முறையை மாநில அளவில் விரித்ததாக இதனைக் கொள்ளலாம்.

ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வழங்கும் திட்டமும் இவ்வியக்கத்தின் வழியாகவே வளர்ந்தது. உடுத்த நல்ல துணி இல்லாமையால் பள்ளிக்கு வர வெட்கப்பட்ட பிள்ளைகளுக்கு, குறிப்பாகச் சிறுமியருக்கு, இது பயன்பட்டது.

கட்டணமில்லாக் கல்வி

தொடக்கக் கல்வியைக் கடந்து உயர்நிலைப் பள்ளியிலும் கட்டணத்தை நீக்குவது அடுத்த படியாயிற்று. ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1960-இல் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் விலக்கப்பட்டது. பின்னர் வருமான வரம்பின்றி எல்லோருக்கும் இச்சலுகை விரிவாக்கப்பட்டது.

பிற பணிகள்

காமராசர் ஆட்சியில் மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர், கிருட்டிணகிரி முதலிய அணைகள் கட்டிமுடிக்கப்பட்டன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், திருச்சி பாரத மிகுமின் நிறுவனம், கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் ஆகியவை இக்காலத்தில் உருவாயின. சிற்றூர்களுக்கு மின்சாரம் வழங்கும் பணி விரைவாக நடந்தது. கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள கரிசல் வட்டார உழவர்களுக்கு மின் இறைப்பான்கள் பயனுள்ளவையாக அமைந்தன.

அகில இந்திய அரசியல்

மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்ற கருத்தைக் காமராசர் 1963-இல் முன்வைத்தார். இது காமராசர் திட்டம் எனப் பெயர் பெற்றது. இதன்படி 1963 அக்டோபர் 2 அன்று தாமே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். எம். பக்தவத்சலம் அடுத்த முதலமைச்சரானார். 1964-இல் புவனேசுவரத்தில் நடந்த மாநாட்டில் காமராசர் காங்கிரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார். சவகர்லால் நேருவின் மறைவுக்குப் பின் லால் பகதூர் சாத்திரியும், 1966-இல் இந்திரா காந்தியும் தலைமை அமைச்சர்களாவதில் இவரது பங்கு பெரிது.

1967 பொதுத் தேர்தலில் காங்கிரசு தமிழகத்தில் ஆட்சியை இழந்தது. காமராசரும் தம் சொந்த ஊரான விருதுநகர் தொகுதியில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் தோல்வியுற்றார். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அதே ஆண்டில் காங்கிரசு பிளவுபட்டபோது பழைய காங்கிரசில் இருந்தார். 1971-இலும் நாகர்கோவிலில் வெற்றி பெற்றார்.

விளைவுகளும் திறனாய்வும்

காமராசர் ஆட்சிக்காலத்தில் பள்ளிகளின் எண்ணிக்கையும் மாணவர் சேர்க்கையும் பெருகின. முதல் தலைமுறையாகப் பள்ளி சென்ற பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தனர். ஆயினும் இத்திட்டங்களின் குறைகளும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன.

- உணவுச் செலவில் ஊரார் பங்கு கட்டாயமானதால், வசதியுள்ள ஊர்களில் திட்டம் ஒழுங்காகவும் வறண்ட ஊர்களில் தடங்கலுடனும் நடந்தது.
- ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு கிடைக்கவில்லை. ஏழைகள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டோரே பயன்பெற்றனர்.
- பள்ளியில் சேர்ந்தவர்களுள் பலர் ஐந்தாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிட்டனர். சேர்க்கையைப் போல இடைநிற்றல் விரைவாக மாறவில்லை.
- பிள்ளைகளை வேலைக்கு வைத்த தொழில்கள்மீது நடவடிக்கை வலுவாக இல்லை. கரிசல் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தபோது, மதிய உணவைவிட வாரக் கூலி பல குடும்பங்களை ஈர்த்தது.

இவற்றுள் கடைசிக் குறை நீண்டகாலம் தொடர்ந்தது. விடியுமுன் ஊர்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் 1970-களிலும் 1980-களிலும் பொதுக் காட்சியாக இருந்தன. உணவு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும். ஆனால் வீட்டின் வருவாய்க் குறையை அதனால் மட்டும் ஈடுசெய்ய இயலாது என்பதை இது உணர்த்தியது.

பிற்காலத் தொடர்ச்சி

1982-இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊரார் பங்கு என்ற நிலை நீங்கி முழுச் செலவையும் அரசே ஏற்றது. சமையல் பணியாளர்களும் அரசால் அமர்த்தப்பட்டனர். நடுவண் அரசின் மதிய உணவுத் திட்டம் 1995-இல் வந்தது. சமைத்த உணவையே வழங்கவேண்டும் என 2001-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. 1988 முதல் சிவகாசிப் பகுதியில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன. சிவகாசித் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தீங்கான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்தவேண்டும் என்றும், அது பிள்ளைகளின் நல்வாழ்வுக்கான நிதியில் சேரவேண்டும் என்றும் கூறியது. 6 முதல் 14 வயதுவரை கட்டாய இலவசக் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை மீறிய சிறுவரைப் பொறுத்தவரை, 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளின் இளைஞர் நீதிச் சட்டங்கள் தண்டனையை விட மறுவாழ்வுக்கு முதன்மை அளித்தன.

தனி வாழ்க்கை

காமராசர் திருமணம் செய்துகொள்ளவில்லை. எளிய கதர்ச் சட்டையும் வேட்டியும் அணிந்தார். முதலமைச்சரான பின்னரும் தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகர் இல்லத்திலேயே எளிமையாக வாழ்ந்தார். சென்னையில் தியாகராய நகர், திருமலைப்பிள்ளை சாலையிலுள்ள வாடகை வீட்டில் காமராசர் குடியிருந்தார். தமக்கெனச் சொத்து எதையும் சேர்க்கவில்லை.

மறைவும் நினைவும்

1975 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், காமராசர் சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். 1976-இல் இந்திய அரசு இவருக்குப் பாரத ரத்னா விருதை இறப்புக்குப் பின் வழங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. விருதுநகரில் இவர் பிறந்த இல்லமும் சென்னையில் வாழ்ந்த இல்லமும் நினைவில்லங்களாக உள்ளன. இவரது பிறந்த நாளான சூலை 15, 2006 முதல் தமிழகப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.